அப்பா பாதி வழியில் நின்றதற்குக் காரணம் முட்டி இல்லை

அப்பாவுக்கு 74 வயது. லேசான அறிவாற்றல் குறைபாடு, அதாவது ஞாபகமும் யோசிக்கும் திறனும் வயதுக்கு மீறிக் கொஞ்சம் குறைவது, என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். மருந்தைவிட நடைதான் முக்கியம் என்றார். வாரம் 150 நிமிடம். அதனால் தினமும் சாயங்காலம் மதுரை தெப்பக்குளத்தைச் சுற்ற அழைத்துப் போனேன். பத்தே நிமிடத்தில் நின்றுவிடுவார். "போதும்பா, வீட்டுக்குப் போலாம்."

முதலில் முட்டிவலி என்று நினைத்து எக்ஸ்ரே எடுத்தோம். வயதுக்குரிய தேய்மானம்தான். புது ஷூ வாங்கினேன், பலனில்லை. போனில் அலாரம் வைத்தேன். அதை நிறுத்திவிட்டு எதற்கு அடித்தது என்பதையே மறந்துவிடுவார். இப்படியே மூன்று வாரம் போனது.

ஒருநாள் பின்னால் நடந்து வந்த தங்கச்சிதான் கவனித்தாள். நான் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவர் கால் நின்றுவிடுகிறது. மூளைக்குப் பயிற்சி என்று நினைத்து, "நேத்து யாருப்பா வந்தாங்க? காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே வருவேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு யோசிப்பார். பதில் வராது, முகம் வாடும். அப்புறம்தான் வீட்டுக்குப் போகலாம் என்பார்.

மருத்துவரிடம் கேட்டேன். நடப்பதற்கே இவர்களுக்குக் கவனம் தேவை, பதில் தேட வேண்டியிருந்தால் கால் நின்றுவிடும், விழவும் வாய்ப்பு உண்டு என்றார்.

மறுநாளிலிருந்து நடக்கும்போது நான் வாய் திறப்பதில்லை. பேச்செல்லாம் உட்கார்ந்த பிறகுதான், அதுவும் அவராக ஆரம்பித்தால். சரியாக இரண்டு வாரத்தில் 25 நிமிடம் நிற்காமல் நடந்தார். எனக்குப் பெரிய நிம்மதி.