வினையைப் பிடித்துக்கொண்டு வாலை விட்டுவிடாதீர்கள்

மாட்ரிட்டில் மாலை நேரத்தில் ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன வாரம், லிமாவிலிருந்து வந்த ஒரு மாணவி, ரத்தான நேர்காணலுக்குக் காலையிலேயே போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். முந்தின நாளே தகவல் வந்திருக்கிறது: 'தி இன்டர்வியூ ஹாஸ் பீன் கால்ட் ஆஃப்.' 'கால்ட் ஆஃப்' என்றால் ரத்து. ஆனால் 'கால்' என்ற வினை மட்டும் அவர் மொழியில் யமார், அழைப்பது. அழைத்துவிட்டார்கள் என்றே நம்பிக் கிளம்பிவிட்டார். 20 வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் இதே சொல்லைக் கேட்டுவிட்டு, போன் வரும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தவன் நான். அவர் சொல்லச் சொல்ல மனசு கனத்துப்போனது.

வாலைக் கேட்காமல் விடுவது

ஸ்பானிஷில் திசை வினைக்குள்ளேயே இருக்கிறது. என்ட்ரார் என்றால் நுழை, சுபிர் என்றால் ஏறு, பஹார் என்றால் இறங்கு. தமிழிலும் அப்படித்தானே? ஆங்கிலமோ 'கோ' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு இன், அப், டவுன் என்று பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லை, அதாவது வாலை, மாற்றிக்கொண்டே போகும். நம் காது வினையோடு நின்றுவிடுகிறது.

புட் ஆஃப் என்றால் தள்ளிவைப்பது, புட் அவுட் என்றால் தீயை அணைப்பது, புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது. மூன்றிலும் 'புட்' மட்டும் காதில் விழுந்து என்ன பயன்? பல புத்தகங்கள் கெட் அப், கெட் ஓவர், கெட் பை என்று வினையின் கீழேயே பட்டியல் போடுவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரே இரவில் படித்தால் காலையில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். முழு வாக்கியமாக, வாய்விட்டுச் சொல்லுங்கள். 'கால் இட் ஆஃப்' என்னும்போது அழுத்தம் ஆஃப் மேல் விழ வேண்டும். வாய் அழுத்திப் பழகினால் காதும் அங்கே கவனிக்கத் தொடங்கும்.

கனமான சொல்லில் தஞ்சம்

போஸ்போனெர், தோலெரார் என்று ஸ்பானிஷிலேயே இருப்பதால் தள்ளிவைப்பதற்குப் போஸ்ட்போன், பொறுத்துக்கொள்வதற்கு டாலரேட் இரண்டும் என் மாணவர்களுக்குச் சுலபமாக வந்துவிடும். தப்பில்லை. ஆனால் எதிரே இருப்பவர் புட் ஆஃப் என்றுதான் பதில் சொல்வார்.

பிக் அப் இட்

பிக் இட் அப். 'இட்' நடுவில்தான் வர வேண்டும். அவ்வளவுதான்.

மரபுத்தொடரைப் பெயர்ப்பது

கேலி செய்வதை ஸ்பானிஷில் முடியைப் பிடிப்பது என்பார்கள், ஆங்கிலத்தில் காலை இழுப்பது. தமிழில் காலை வாரினால் அது துரோகமாகவும் ஆகிவிடும். 'யூ ஆர் டேக்கிங் மை ஹேர்' என்று என் மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்ல, எதிரே இருந்த ஆங்கிலேயர் தன் கையைத்தான் பார்த்தார்.