இந்த நிமிடம் சிபியுவைத் தின்பது எது? லினக்ஸ் சர்வரில் ஸ்கிரிப்ட் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

சர்வர் திணறினால் முதலில் கை போவது, ஓடும் நிரல்களை (பிராசஸ்களை) பட்டியலிடும் பிஎஸ் கட்டளைக்குத்தான். சிபியு சதவீதத்தை வைத்து வரிசைப்படுத்தி, மேலே வரும் பத்து வரியை எடுக்கும் ஸ்கிரிப்ட்கள் எங்கும் கிடைக்கின்றன. அவசரத்தில் ஆளைத் தவறான பிராசஸின் பின்னால் அலையவிடுபவையும் அவைதான்.

பிஎஸ் காட்டும் சதவீதம் இந்த நொடியின் கணக்கு அல்ல. பிராசஸ் பிறந்ததிலிருந்து பயன்படுத்திய சிபியு நேரத்தை, அதன் மொத்த ஆயுளால் வகுத்த சராசரி அது. 30 நாள் சும்மா கிடந்த பிராசஸ் ஒன்று கடைசி 10 நிமிடம் சிபியுவின் ஒரு கோரை (கணக்கிடும் அலகை) முழுதாகப் பிடித்துக்கொண்டு சுற்றினாலும், பிஎஸ் அதற்கு 0.0 என்றே காட்டும். 43,200 நிமிடத்தில் 10 நிமிடம் எம்மாத்திரம்? மாறாக, ஒரு நிமிடம் முன்பு தொடங்கி, 50 நொடி உழைத்து, இப்போது ஓய்ந்துவிட்ட வேலை 83 சதவீதத்தோடு பட்டியலின் உச்சியில் நிற்கும்.

ஆகவே இரண்டு முறை அளந்து வித்தியாசத்தை எடுக்க வேண்டும். சட்டென்று பார்க்க, டாப் -பி -என் 2 -டி 5 என்று ஓட்டி, முதல் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை மட்டும் படித்தால் போதும். முதல் பட்டியலுக்கு ஒப்பிட முழு இடைவெளி கிடைத்திருக்காது. சிஸ்ஸ்டாட் தொகுப்பு இருந்தால் பிட்ஸ்டாட் 5 1 இதே வேலையைச் சுத்தமாகச் செய்யும். எதையும் புதிதாக நிறுவ அனுமதியில்லாத சர்வரிலும், நள்ளிரவில் ஆளில்லாமல் பதிவு செய்யவும்தான் சொந்த ஸ்கிரிப்ட் தேவைப்படுகிறது. பாஷ் ஷெல்லின் 4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் போதும்.

ஸ்கிரிப்டுக்கு வேண்டிய தகவல் /ப்ராக் டைரக்டரியில் இருக்கிறது. அதற்குள் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒவ்வொரு டைரக்டரியும் ஒரு பிராசஸ். அதனுள் இருக்கும் ஸ்டாட் ஃபைல் ஒரே வரி. அந்த வரியில் 14ஆவது மதிப்பு யூசர் நேரம், 15ஆவது சிஸ்டம் நேரம், 22ஆவது பிராசஸ் தொடங்கிய நேரம். மூன்றும் டிக் என்ற சிறு நேர அலகின் கணக்கில் இருக்கும். பெரும்பாலான மெஷின்களில் நொடிக்கு 100 டிக். கெட்கான்ஃப் சிஎல்கே_டிசிகே என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரியை வெறும் இடைவெளியை வைத்துப் பிரித்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2ஆவது மதிப்பு அடைப்புக்குறிக்குள் வரும் பிராசஸ் பெயர். அந்தப் பெயருக்குள்ளேயே இடைவெளியும் வரலாம், அடைப்புக்குறியும் வரலாம். டிமக்ஸ் சர்வரின் பெயரில் இடைவெளி உண்டு. சிஸ்டம்டி உருவாக்கும் எஸ்டி-பாம் பிராசஸின் பெயரே அடைப்புக்குறியோடுதான் இருக்கிறது. எனவே வரியின் கடைசி ')' வரை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். பாஷில் ##*) என்ற வெட்டு இதற்குப் போதும். வெட்டிய பிறகு முதல் மதிப்பு பிராசஸின் நிலை. யூசர் நேரம் 12, சிஸ்டம் நேரம் 13, தொடங்கிய நேரம் 20 என்று இடம் மாறும்.

படிப்பதற்கு கேட், கட் போன்ற வெளிக் கட்டளைகளை லூப்புக்குள் கூப்பிடாதீர்கள். 400 பிராசஸை இரண்டு முறை படிக்க 800 புதிய பிராசஸ் பிறக்கும். கடைசியில் உங்கள் ஸ்கிரிப்டே பட்டியலில் ஏறிவிடும். பாஷின் சொந்த ரீட் கட்டளையே போதும். பட்டியல் எடுத்த கணத்துக்கும் படிக்கும் கணத்துக்கும் இடையில் சில பிராசஸ்கள் செத்துப்போகும். அப்போது வரும் பிழைச் செய்தியை மறைக்க, 2>/டெவ்/நல் என்பதை '<' குறிக்கு முன்பே எழுத வேண்டும். ஷெல் இடமிருந்து வலமாகத்தான் திருப்பிவிடும். படிப்பது தோற்றால் கன்டின்யூ போட மறக்காதீர்கள். மறந்தால் முந்தைய பிராசஸின் வரி அப்படியே மாறியில் தங்கி, செத்தவன் கணக்கில் ஏறும்.

முதல் சுற்றில் ஒவ்வொரு பிராசஸின் யூசர், சிஸ்டம் டிக்குகளைக் கூட்டி ஓர் அசோசியேட்டிவ் அர்ரேயில் (சாவி கொடுத்து மதிப்பைத் தேடும் பட்டியலில்) வையுங்கள். சாவியாக பிராசஸ் எண்ணோடு தொடங்கிய நேரத்தையும் சேர்த்தால்தான், எண் மறுபடி வேறொரு பிராசஸுக்குப் போனாலும் கணக்குக் குழம்பாது. 5 நொடி ஸ்லீப். பிறகு இரண்டாம் சுற்று. இரண்டாம் சுற்றில் மட்டும் தென்படுவது இடையில் பிறந்தது, அதன் பழைய அளவை 0 என்று வைத்துக்கொள்ளலாம்.

வகுக்கும்போது 5 என்று நம்பி வகுக்க வேண்டாம். நெருக்கடியில் இருக்கும் சர்வரில் ஸ்லீப்பும் தாமதமாகவே எழும், படிக்கவும் நேரம் பிடிக்கும். /ப்ராக்/அப்டைம் ஃபைலின் முதல் மதிப்பை இரு சுற்றின் தொடக்கத்திலும் எடுத்து, நடுப்புள்ளியை நீக்கிவிட்டால் நூறில் ஒரு நொடிக் கணக்கு முழு எண்ணாகக் கிடைக்கும். தசமம் தெரியாத பாஷுக்கு இது வசதி. டிக் வித்தியாசம் 450, கடந்த நேரம் 503 என்றால் 450 × 100 ÷ 503, அதாவது 89 சதவீதம். இது ஒரு கோருக்கான கணக்கு. 4 கோர் மெஷினில் பல த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் உள்வேலைகள்) உள்ள ஒரே பிராசஸ் 400 வரை போகலாம்.

முழுக் கட்டளை வரியை, முதல் பத்து இடம் பிடித்தவற்றுக்கு மட்டும் சிஎம்டிலைன் ஃபைலிலிருந்து எடுங்கள். அங்கே சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் நல் எழுத்து இருக்கும், டிஆர் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். கெர்னல் த்ரெட்டுக்கு அந்த ஃபைல் காலி. கட்டளை வரியில் பாஸ்வேர்டைக் கொடுத்து ஓட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு என்பதால், ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே யூமாஸ்க் 077 போட்டுவிடுங்கள். பதிவு ஃபைலை மற்றவர் படிக்கக் கூடாது.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இதை நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டலாம். கிரான் வரியில் % குறி புது வரியாக மாறிவிடும், டேட் கட்டளையை அங்கே எழுதினால் பாதியில் அறுபடும். ஆகவே எல்லாவற்றையும் ஸ்கிரிப்டுக்குள் வைத்து, கிரானில் ஃப்ளாக் -என், அடுத்து ஒரு பூட்டு ஃபைலின் பாதை, அதன் பின் ஸ்கிரிப்டின் பாதை என்று மட்டும் எழுதுங்கள். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது ஏறாது.

பட்டியலில் யாருமே பெரிதாக இல்லை, ஆனால் லோடு ஆவரேஜ் (ஓடுகிற, காத்திருக்கிற பிராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) மட்டும் 20, 30 என்று நிற்கிறதா? இரண்டு காரணங்களைத் தேடுங்கள். லினக்ஸ் லோடு கணக்கில், டிஸ்க் அல்லது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) பதிலுக்காக 'டி' நிலையில் உறைந்து நிற்பவையும் சேர்த்தி. வெட்டிய வரியின் முதல் மதிப்பான நிலையை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால், 5 நொடிக்குள் பிறந்து சாகும் குட்டி பிராசஸ்கள். அவை எந்தச் சுற்றிலும் சிக்கா. வெட்டிய வரியின் 14, 15ஆவது மதிப்புகளில், முடிந்துபோன பிள்ளைகளின் நேரம் தாய் பிராசஸின் கணக்கில் சேர்ந்திருக்கும். இதைத் தனி நெடுவரிசையாகக் காட்டுங்கள். நெடுநாள் ஓடிய பிள்ளை முடியும்போது மொத்த நேரமும் ஒரே அடியாக வந்து விழும் என்பதால், மற்ற எண்ணோடு கூட்டக் கூடாது.

ஜாவா பிராசஸ்தான் என்று தெரிந்தால், அதே ஸ்கிரிப்டை அந்தப் பிராசஸின் டாஸ்க் டைரக்டரி மீது ஓட்டுங்கள். எந்த த்ரெட் என்பது எண்ணோடு கிடைக்கும். ஜாவா த்ரெட்களின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் கட்டளையின் பதிவில் அந்த எண்ணைத் தேடினால் எந்த வரியில் சுற்றுகிறது என்பது தெரியும். பல பதிப்புகளில் அங்கே ஹெக்ஸாடெசிமல் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்ணாக இருக்கும், மாற்றிவிட்டுத் தேடுங்கள்.