குமரி மலையில் ஒரு செடிக்குச் சிவப்புப் பட்டியல் கணக்குப் போடும் விதம்

குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறும் சரிவு முழுக்க ரப்பர். அப்பா பால் வெட்டப் போனது அங்கேதான். அந்தச் சரிவில் முன்பு என்னென்ன மரம் நின்றது என்று பாட்டியிடம் கேட்டால் மூச்சு விடாமல் பதினைந்து பெயர் சொல்வார். அதில் நாலைந்தைத்தான் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் தாவரவியல் படித்ததும், பன்னிரண்டு வருடமாக நோட்டும் ஜிபிஎஸ்ஸுமாகக் கீரிப்பாறைக்கும் பேச்சிப்பாறைக்கும் மேலே அலைவதும் அந்தப் பெயர்களால்தான். ஒரு செடி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரிதான செடி வேறு, அழியப்போகிற செடி வேறு. ஒரே ஒரு பாறை முகட்டில் காலங்காலமாக நிம்மதியாக வாழும் செடி அரிது, ஆனால் யாரும் அதைத் தொடவில்லை என்றால் அது இப்போதைக்குப் பிழைத்துக்கொள்ளும். ஊரெல்லாம் கிடைக்கிற செடியை வருடா வருடம் வேரோடு பிடுங்கி விற்றால், கண்ணுக்கு நிறையத் தெரிந்தாலும் அது சரிந்துகொண்டிருக்கிறது. ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியல் பார்ப்பது இப்படி அழிந்துபோகும் ஆபத்தைத்தான். மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம் என்ற மூன்றும் ஆபத்துப் படிகள். அவற்றுக்குக் கீழே அச்சுறு நிலையை அண்மித்த இனமும் கவலை குறைந்த இனமும். தகவலே போதவில்லை என்றால் அப்படியே எழுதிவைக்கவும் ஒரு வகை உண்டு.

எந்தச் செடியில் தொடங்குவது? ஊரறிந்த பொதுவான செடிகளை முதலில் தள்ளிவையுங்கள். மிச்சத்தில், காப்பகங்களில் உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்த மாதிரி ஐந்தாறு மட்டுமே இருக்கும் செடிகளையும் மருந்துக்காக வெட்டப்படும் செடிகளையும் எடுங்கள். தென்னாப்பிரிக்கா 2009-ல் தன் நாட்டின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரங்களை மதிப்பிட்டு முடித்தது. இப்படிச் சலித்து எடுத்து, அவகாசம் தேவைப்படுகிற செடிகளுக்கு அவகாசம் கொடுத்தால்தான் ஒரு நாட்டுப் பட்டியல் முடியும். நம் நாட்டில் பூக்கும் தாவரம் மட்டும் பதினெட்டாயிரத்தைத் தாண்டும்.

அப்புறம் பெயர். பெயர் தவறினால் மிச்சக் கணக்கு எல்லாமே வேறு செடிக்குப் போய்விடும். அசோகு நல்ல உதாரணம். பள்ளிக்கூட மதிலோரம் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தைத்தான் பலரும் அசோக மரம் என்கிறார்கள். பட்டைக்காக வெட்டப்பட்டு 1998-லேயே அழிவாய்ப்பு இனம் என்று பதிவானது ஓடைக்கரை நிழலில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் உண்மையான அசோகு. இந்த இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து, "அசோகு ஏராளம்" என்று எழுதிய அறிக்கையை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பூவும் காயும் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்.

அடுத்தது உலர்தாவரத் தாள்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு மையத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம், எல்லைக்கு அந்தப் பக்கம் பாலோட்டில் இருக்கும் தாவரத் தோட்டம் என்று நம் மலைச் செடிகள் பல இடங்களில் தாளில் ஒட்டிக் கிடக்கின்றன. இங்கே குமரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவர்கள். பழைய தாளில் "தென் திருவிதாங்கூர்" என்று போட்டிருந்தால் அதைக் கேரளக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். முத்துக்குழிவயல் மாதிரி ஊர்ப்பெயர்களை வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். உரக்க வாசித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

தாளில் உள்ள இடத்தை வரைபடப் புள்ளியாக மாற்றும்போது பொறுமை வேண்டும். நம் மாவட்டம் வடக்கே எட்டு டிகிரியை ஒட்டியும் கிழக்கே எழுபத்தேழு டிகிரியை ஒட்டியும் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வரிசையில் இரண்டு எண்ணையும் இடம் மாற்றி அடித்துவிட்டேன். மகேந்திரகிரிச் செடி வடதுருவத்துப் பக்கத்துக் கடலில் போய் நின்றது, அதன் பரவல் எல்லை ஒரு கண்டத்தின் அளவுக்கு விரிந்தது. ஒரே ஒரு தவறான புள்ளியால் ஆபத்தில் இருக்கும் செடி கவலையில்லாத செடியாகிவிடும். ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தில் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் நான் இப்போது அடுத்த வேலைக்குப் போகிறேன்.

இனி காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. மலைக்காட்டில் பெரும்பகுதி 2008-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதிக்கு மாதக்கணக்கு ஆகும், பூக்கும் காலத்தை மனதில் வைத்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் பூக்கும் காலம் சரிவுக்குச் சரிவு மாறும். வழி காட்ட ஆள் வேண்டும் என்றால் இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதும் முன், எழுதலாமா என்றும் கேளுங்கள்.

மதனகாமப்பூ மரத்துக்காக ஒருமுறை காணிப் பெரியவர் ஒருவரோடு ஏறினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் இதற்கு ஈந்து என்று பெயர். பார்க்கப் பனைபோல இருந்தாலும் பனை இல்லை, பூவே பூக்காத பழங்காலத்துச் சாதி. ஆண் மரத்தின் கூம்பைத்தான் மதனகாமப்பூ என்று மருந்துக்கடையில் விற்கிறார்கள். பாறைக்கு அடியில் ஒரு மரம் நின்றது. இடுப்பு உயரத் தண்டு, உதிர்ந்த இலைகளின் அடித்தழும்பு வரிசை வரிசையாகத் தண்டைச் சுற்றியிருந்தது. உச்சியில் கூம்பு இருந்த இடத்தில் கத்தி வைத்த தடம், வெட்டில் கசிந்த பிசின் கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. பெரியவர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"பாட்டா, இந்தச் சரிவில் முன்னால எத்தனை நின்னுது?"

"எண்ணினது ஆரு மக்களே? சின்னப் பிள்ளையில இந்தப் பாறை ஏற இதைப் பிடிச்சுத்தான் ஏறுவோம். ஒண்ணை விட்டா அடுத்தது கைக்கு வரும்."

அன்று அந்தச் சரிவில் நாங்கள் பார்த்தது மூன்று மரம். அவர் சொன்னதை அப்படியே எழுதி, தேதி போட்டு, யார் சொன்னது, எத்தனை வருடத்துக்கு முந்தைய நினைவு என்றும் குறித்தேன். இப்படிப்பட்ட வாக்குமூலம் மதிப்பீட்டில் செல்லும். இன்ன நினைவிலிருந்து இப்படிக் கணித்தோம் என்று வெளிப்படையாக எழுதினால் போதும்.

எண்ணும்போது முதிர்ந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். இனம் பெருக்கும் வயதுக்கு வந்தவைதான் கணக்கில் சேரும், கன்றுகள் சேராது. மதனகாமப்பூ மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. ஐம்பது ஆண் நின்று ஐந்தே பெண் நின்றால், ஐம்பத்தைந்து என்று எழுதுவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. கன்றுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மரம் நிறைய இருந்தும் கன்று ஒன்றுகூட இல்லாத சரிவைப் பார்த்தால் எனக்கு அன்று இரவு தூக்கம் வராது.

தேடிப் போய்க் கிடைக்காத இடத்தையும் எழுத வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். "காளிகேசம் ஓடை, மார்ச் மாதம், மூன்று மணி நேரம், இரண்டு பேர், கிடைக்கவில்லை" என்ற ஒரு வரி இருபது வருடம் கழித்து வருகிறவருக்குத் தங்கம். அந்த வரி இல்லாவிட்டால், செடி அங்கே இல்லையா, யாரும் போகவே இல்லையா என்று அவருக்குத் தெரியாது.

சரி, இப்போது கணக்கு. ஆங்கில எழுத்து வரிசையில் ஏ (A) முதல் ஈ (E) வரை ஐந்து வழி இருக்கிறது. ஒன்றில் தேறினாலே போதும், ஆனால் ஐந்தையும் பார்த்துவிட்டு, வரும் மிக உயர்ந்த படியை எடுக்க வேண்டும். முதிர்ந்த செடி 50-க்கும் குறைவு என்றால் வேறு எதையும் பார்க்காமல் மிக அருகிய இனம். 250-க்குக் குறைவு என்றால் அருகிய இனம். ஆனால் காட்டுச் செடியை யாரும் முழுசாக எண்ணி முடிப்பதில்லை. அதனால் அதிகம் கைகொடுப்பது இடப்பரப்பைப் பார்க்கும் பி வழி.

அதில் இரண்டு அளவு. வெளிப்புறப் புள்ளிகளை ஒரு நூலால் சுற்றிக் கட்டினால் உள்ளே வருவது பரவல் எல்லை. தரையில் இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டம் போட்டு, செடி உள்ள கட்டங்களை எண்ணி நாலால் பெருக்கினால் வருவது வாழும் பரப்பு. கியூ தாவரத் தோட்டத்தின் ஜியோகேட் என்ற இலவச இணையக் கருவியில் புள்ளிகளைப் போட்டால் இரண்டும் வந்துவிடும். பரவல் எல்லை 100 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தால் மிக அருகிய, 5,000-க்குக் குறைந்தால் அருகிய, 20,000-க்குக் குறைந்தால் அழிவாய்ப்பு. வாழும் பரப்புக்கு அதே வரிசையில் 10, 500, 2,000.

நம் மாவட்டமே 1,700 சதுர கிலோமீட்டருக்கு உள்ளேதான். குமரியில் மட்டும் வாழும் எந்தச் செடியும், நன்றாக வாழ்ந்தாலும், பரப்பு அளவில் தானாகவே அருகிய இனத்தின் கோட்டுக்குள் விழுந்துவிடும். அதனால்தான் பரப்போடு நிறுத்தக்கூடாது. மூன்று நிபந்தனைகளில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: இருப்பிடங்கள் மிகச் சில அல்லது துண்டு துண்டாகச் சிதறியவை, தொடர்ந்து குறைகிறது, எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்குகிறது.

இருப்பிடம் என்ற சொல்லில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அது ஊர்க்கணக்கு இல்லை, ஆபத்துக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒரு செடி ஆறு இடத்தில், ஆறு வெவ்வேறு கட்டத்தில் இருக்கிறது. மூன்று ஒரே நீளப் புல்மேட்டில், கோடையில் தீ ஏறினால் மூன்றும் சேர்ந்து போகும். இரண்டு ஒரே ஓடைக்கரையில், பாதை அகலப்படுத்தினால் இரண்டும் போகும். ஒன்று கல்குவாரிக்குப் பக்கத்துப் பாறையில். அப்படியானால் இருப்பிடம் மூன்றுதான். வாழும் பரப்பு இருபத்து நான்கு, 500-க்குக் கீழே. இருப்பிடம் ஐந்துக்குள். வாழிடம் குறைந்துகொண்டே வருவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆகவே அருகிய இனம்.

ஏ வழி, குறைந்த சதவீதத்தைப் பார்ப்பது. 80 சதவீதம் குறைந்திருந்தால் மிக அருகிய, 50 என்றால் அருகிய, 30 என்றால் அழிவாய்ப்பு. எவ்வளவு காலத்தில்? பத்து வருடம் அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அது. ஒரு மரத்தின் தலைமுறை இருபத்தைந்து வருடம் என்றால் எழுபத்தைந்து வருடம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பத்து வருடத்தை மட்டும் பார்த்தால் எங்கள் வீட்டுச் சரிவில் எதுவுமே மாறவில்லை, அன்றும் ரப்பர், இன்றும் ரப்பர். எழுபத்தைந்து வருடம் போனால் பாட்டி சொன்ன பதினைந்து பெயரும் கணக்கில் வந்து நிற்கும். மரங்களுக்கு மதிப்பீடு செய்யும்போது வீட்டு மூத்தவர்களிடம் பேசுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

உலகக் கணக்கா, நாட்டுக் கணக்கா என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். மணக்குடியில் அலை அரித்து அடும்பங்கொடி மொத்தமாகப் போனாலும், வெப்பக் கடற்கரைகளில் எல்லாம் படரும் அந்தக் கொடி உலகக் கணக்கில் கவலை குறைந்த இனம்தான். நாட்டுக் கணக்கில், வெளியிலிருந்து விதை வந்து சேர வாய்ப்பிருந்தால் ஒரு படி இறக்கலாம். அகத்தியமலையைத் தவிர வேறெங்கும் இல்லாத செடிக்கு இரண்டும் ஒன்றே. அதற்குத் திருநெல்வேலிச் சரிவையும் திருவனந்தபுரம் சரிவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அழிந்துவிட்டது என்று மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். அகத்தியமலையில் மட்டும் வளரும் மஞ்சள் செருப்பு ஆர்க்கிட், கர்னல் டிரூரி 1865-ல் கண்டது, போய்விட்டது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 1972-ல் மறுபடி கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் பிடுங்க ஆளும் வந்தது. அது இன்று மிக அருகிய இனம். விற்பனைக்கு ஆள் தேடும் செடி என்றால், துல்லியமான புள்ளியை வெளியே தரும் எந்தத் தாளிலும் போடாதீர்கள். மதிப்பீட்டாளருக்கும் வனத்துறைக்கும் மட்டும் கொடுங்கள். படத்தைப் போடும்போது அதில் பதிந்திருக்கும் இட விவரத்தையும் அழித்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் வேறொருவர் சரிபார்க்க வேண்டும், அதன் பிறகே பட்டியலில் ஏறும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களுக்கென்றே ஐயுசிஎன்னில் ஒரு வல்லுநர் குழு இருக்கிறது, அங்கே அனுப்பலாம். எந்தப் படி என்பதைவிட ஏன் அந்தப் படி என்று நீங்கள் எழுதும் பத்தியைத்தான் அவர்கள் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். பத்து வருடம் தாண்டிய மதிப்பீடு பழையதாகிவிடும், மறுபடி போக வேண்டும். அந்த மூன்று மதனகாமப்பூ மரங்களின் உயரத்தையும் நான் என் நோட்டில் சென்டிமீட்டரில் எழுதி, பக்கத்துப் பாறையின் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறேன். அடுத்து ஏறுகிறவர் ஜிபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம்.