காபிக் கிளையில் தொடங்குங்கள்: ஏற்காட்டிலிருந்து ஒரு தாவர ஓவியப் பாடம்

தாவர ஓவியம் என்றால் பூவை அழகாக வரைவது என்று பலரும் நினைக்கிறார்கள். அழகு வந்தால் நல்லதுதான். ஆனால் படத்தைக் காசு கொடுத்து வாங்கும் தாவரவியலாளர் அதற்கு முன் ஒன்றைக் கேட்பார்: படத்தை மட்டும் பார்த்து இது எந்தச் செடி என்று சொல்ல முடிகிறதா? இலை கணுவில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, இதழ் எத்தனை, மகரந்தத்தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரியவேண்டும். இதைத் தொழிலாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஒரே ஒரு செடியை முழுமையாக வரைந்து தொடங்குவது நல்லது. சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் செடி காபி.

எந்தக் கிளை, எப்போது

ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மர நிழலில் வளர்வது பெரும்பாலும் அராபிகா வகைக் காபி. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை பெய்தால், ஒரு வாரம் பத்து நாளில் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாடியும் விடும். அதனால் மழைச் செய்தி வந்ததுமே பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். பழம் ஆண்டு முடியும் சமயத்தில்தான் சிவக்கும். பூவையும் பழத்தையும் ஒரே தாளில் காட்ட வேண்டுமானால் பழத்துக்கு இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் அது சகஜம்.

எஸ்டேட்டில் மேனேஜரிடமோ ரைட்டரிடமோ (கணக்கரிடமோ) கேட்டுவிட்டு ஒரு சிறு கிளை மட்டும் வெட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது; காட்டு ஆர்கிட் மீது கைவைக்கவே வேண்டாம். ஆர்கிட் வரைய ஆசை என்றால், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. அங்கே போய்ச் செடியைத் தொடாமல் நோட்டில் வரைந்து பழகலாம்.

வெட்டிய கிளையை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் வெயிலுக்கு வந்து சேர்வதற்குள் திறந்து வைத்த பூ தொங்கிவிடும். மலைக்குப் போக முடியாதவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் இட்லிப் பூவை, அதாவது வெட்சியை, எடுத்துக்கொள்ளலாம். அதுவும் காபியின் குடும்பம்தான்.

வரைவதற்கு முன் எண்ணுங்கள்

என்னைப் பொறுத்தவரை பாடத்தின் முக்கால் பங்கு இதுதான். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, கிளையைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும்.

காபியில் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே, தண்டோடு ஒட்டி ஒரு சின்ன முக்கோணச் செதில் தெரியும். இலையடிச் செதில் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டுவதே அந்தச் செதில்தான், இட்லிப் பூவிலும் அதைப் பார்க்கலாம். படத்தில் அது விடுபட்டால் எவ்வளவு பளபளப்பாக இலையைத் தீட்டினாலும் தாவரவியலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். இலையைத் திருப்பிப் பாருங்கள்: நடு நரம்பிலிருந்து பக்க நரம்பு பிரியும் மூலையில் சிறு குழிகள் இருக்கும். இலை ஓரம் லேசாக அலையடிக்கும், நுனி நீண்டு கூராகும்.

இப்போது பூ. ஒரு குழாய், அதன் மேலே ஐந்து இதழ்கள், இதழ்களுக்கு இடையிடையே ஐந்து மகரந்தத்தாள்கள், நடுவே இரண்டாகப் பிரிந்த சூல்முடி. இட்லிப் பூவில் எல்லாம் நான்கு நான்காக வரும். புது பிளேடால் ஒரு பூவை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருப்பது தெரியும். இந்த நீள்வெட்டை அப்போதே வரைந்துவிடுங்கள், சீக்கிரம் பழுப்பேறிவிடும். பழத்தைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கத்தால் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும்.

ஒவ்வொன்றையும் டிவைடரால் அளந்து நோட்டில் எழுதுங்கள்: இலை நீளம், அகலம், காம்பு, கணுவுக்குக் கணு தூரம், பூக்குழாய். ஒரு இலையை மட்டும் அளந்தால் போதாது, சிறியது பெரியது எனச் சில இலைகள் வேண்டும். எந்த இடம், என்ன தேதி, எந்த உயரம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். நிறம் மறந்துபோகும் என்பதால் பச்சையைக் கலந்து ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவும் எடுங்கள், ஆனால் போட்டோவை மட்டும் நம்பி வரையாதீர்கள். கேமராவுக்கு அருகில் இருக்கும் இலை பெரிதாகவும் தள்ளியிருப்பது சிறிதாகவும் விழுந்து, அளவெல்லாம் மாறிவிடும்.

பென்சில், பிறகு மை

ஹெச்பி, 2ஹெச் பென்சில்கள், பிசையும் ரப்பர், டிரேசிங் தாள், 0.05 மற்றும் 0.1 மை பேனாக்கள் இருந்தால் போதும். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள, ஹாட் பிரஸ் என்னும் வழவழப்பான தாள் வாங்குங்கள். அதன் மழமழப்பில்தான் நரம்பின் நுணுக்கம் நிற்கும்.

முதலில் தண்டின் போக்கை ஒரே கோட்டில் போடுங்கள். அதில் கணுக்களைக் குறித்து, அளந்த தூரத்தில் இலைகளின் நடு நரம்பை மட்டும் போட்டு, விளிம்பைக் கடைசியில் சேருங்கள். விளிம்பில் தொடங்கினால் மடிந்த இலையில் நரம்பு ஒரு பக்கம் போகும், இலை ஒரு பக்கம் போகும். ஒரு இலையாவது அடிப்புறம் காட்டட்டும். சரியாக வந்தபின் டிரேசிங் தாள் வழியாக நல்ல தாளுக்கு மாற்றுங்கள்.

ஆய்விதழ்களுக்குக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படம்தான் பெரும்பாலும் வேண்டும். வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து வருவதாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம், அப்படியே செய்யுங்கள். நிழலைப் புள்ளிகளால் கட்டவேண்டும். பேனாவை நிமிர்த்திப் பிடித்து, வட்டமான புள்ளியாக வையுங்கள். அவசரப்பட்டால் புள்ளிக்கு வால் முளைக்கும். அச்சில் வரும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து கொடுத்தால் சுருக்கும்போது கோடு கூர்மையாகத் தெரியும்.

அளவைக் காட்ட '2 மடங்கு' என்று எழுதாமல், படத்தின் பக்கத்திலேயே 1 செ.மீ. அல்லது 1 மி.மீ. என்று குறித்த ஒரு கோடு வரைந்துவிடுங்கள். அச்சகத்தில் படத்தை எவ்வளவு சுருக்கினாலும் கோடும் கூடவே சுருங்கும், கணக்கு தப்பாது.

வண்ணம்

காபி இலையின் பளபளப்பு பயமுறுத்தும். மினுங்கும் இடத்தில் தெரிவது வானத்தின் நிறம், அதனால் அங்கே மிக வெளிறிய நீலத்தை ஓடவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிப் பச்சையை அடுக்குங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. பச்சையைக் கருக்க கறுப்பு ட்யூபைத் தொடவேண்டாம், அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் போதும். வெள்ளைப் பூவுக்குத் தாளின் வெள்ளையே பூ. பின்னால் ஒரு கரும்பச்சை இலை வருமாறு முதலிலேயே அமைத்துக்கொண்டால் பூ தானாக எழும்பும். பழத்துக்கு அடியில் மஞ்சள் பூசி, மேலே சிவப்பு. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், பெர்மனன்ட் ரோஸ் வாங்குங்கள்.

வேலை கிடைப்பதும் காகிதம் எழுதுவதும்

காபி, இட்லிப் பூ, அப்புறம் ஒரு புல் என மூன்று முழுப்படங்கள் கையில் இருந்தால் கல்லூரித் தாவரவியல் துறைகளுக்கும், காபிப் பாக்கெட்டுக்குப் படம் தேடும் எஸ்டேட்காரர்களுக்கும், பதிப்பகங்களுக்கும் அனுப்பலாம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் உலர்ந்த செடியைத்தான் தருவார்கள். தாளில் ஒட்டி அழுத்திய மாதிரியிலிருந்து ஒரு பூவைப் பிரிக்க அவர்களிடம் அனுமதி கேட்டு, சுடுநீரில் கொஞ்ச நேரம் போட்டால் இதழ் இளகி விரியும்.

19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்தபோது அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள். ஒரு ஆர்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைட் சூட்டினார். அப்படங்களை இன்று பார்த்தாலும் கை நடுங்காத அந்தக் கோடுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நீங்களும் படத்தின் ஓரத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள், அச்சிலும் போடச் சொல்லுங்கள். படைத்தவர் தான்தான் என்று உரிமை கோர 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு இடம் தருகிறது.

அதே சட்டத்தின் 17-வது பிரிவைத் தொடங்குபவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து ஓவியம் வரைய வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அதன் பதிப்புரிமை அவருக்கே போகும். அதனால் பென்சிலைத் தொடும் முன் ஒரு பக்கக் கடிதமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், எதற்கு, எந்தப் பதிப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு அனுமதி, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள். காலம் எழுதாமல் உரிமையை மாற்றிக் கொடுத்தால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும்.

கூலியைப் படத்தின் அளவை வைத்துச் சொல்லாதீர்கள். செடி தேடிப் போவது, எண்ணி அளப்பது, மை, வண்ணம் என எல்லா மணி நேரத்தையும் கூட்டிச் சொல்லுங்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள். பென்சில் படத்தை அனுப்பி, தாவரவியலாளர் சரி என்று எழுதிக் கொடுத்தபின் மையில் இறங்குங்கள், அதற்குப் பிறகு வரும் மாற்றத்துக்குத் தனிக் கூலி. கோட்டுப்படத்தை 1,200 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 1,200 புள்ளி), வண்ணப்படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து கோப்பை மட்டும் அனுப்புங்கள். அசல் தாளை விற்பதானால் அதற்குத் தனி விலை, தனி ரசீது.