மூன்று வட்டத்தில் நிலநடுக்கம் எங்கே என்று கண்டுபிடிக்கலாம்

2012 ஏப்ரல் 11, மதியம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் குடத்துத் தண்ணீர் வளையம் வளையமாக ஆடியது. சுமத்ரா அருகே கடலுக்கடியில் 8.6 அளவு நிலநடுக்கம். அவ்வளவு தொலைவு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மகள் கேட்டாள். அன்று அவளுக்குக் காட்டியது இது.

கடற்கரை ஸ்டேஷனில் வேக வண்டியும் சாதா வண்டியும் ஒன்றாகக் கிளம்பினால், மாம்பலத்தைவிடத் தாம்பரத்தில் இடைவெளி கூடும் அல்லவா? நிலநடுக்கத்திலிருந்தும் அப்படி இரண்டு வகை அதிர்வலைகள் ஒன்றாகக் கிளம்பும்: வேகமான பி அலை விநாடிக்குச் சுமார் 6 கி.மீ., மெதுவான எஸ் அலை 3.5 கி.மீ. ஓர் ஊருக்கு இரண்டும் வந்த நேர வித்தியாசத்தை விநாடியில் எடுத்து 8ஆல் பெருக்குங்கள்; அங்கிருந்து நிலநடுக்கம் எத்தனை கி.மீ. தூரம் என்று கிடைக்கும். பக்கத்து நிலநடுக்கங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. சுமத்ரா போன்ற தொலைவுக்கு அலை பூமியின் ஆழத்தில் வேகமெடுப்பதால், பயண நேர அட்டவணை வேண்டும்.

சரி, ஒரு கற்பனைக் கணக்கு. வித்தியாசம் சென்னையில் 15.5 விநாடி, பெங்களூரில் 21, திருச்சியில் 30. அப்படியானால் 124, 168, 240 கி.மீ. வரைபடத்தில் 1 செ.மீ.க்கு 20 கி.மீ. என்றால் காம்பஸை 6.2, 8.4, 12 செ.மீ. விரித்து ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் ஒரு வட்டம் போடுங்கள். காம்பஸ் முள்ளை ஊர்ப்பெயரில் குத்தாமல் ஊர்ப்புள்ளியில் குத்துங்கள். மகள் முதலில் அங்கேதான் தவறினாள். ஒரு வட்டம் திசை சொல்லாது, இரண்டு வட்டம் பொதுவாக இரு இடங்களைக் காட்டும். மூன்றாவது போட்டதும் வேலூரில் வந்து நின்றது.

வட்டங்கள் ஒரே புள்ளியில் சேராமல் சின்ன முக்கோணம் விழுந்தால் அழித்துவிடாதீர்கள். நடுக்கம் தரைக்குக் கீழே ஆழத்தில் தொடங்கியதாலும் அப்படி வரும்.