ஜாம் இசைக்குழுவின் மேடை மனோதர்மத்தை விமர்சிப்பது எப்படி?

பாடலின் எழுதப்பட்ட பகுதி முடிந்த பிறகு, அடுத்து எங்கே செல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், மேடையிலுள்ள அனைவரும் சேர்ந்து இசையை வளர்த்துச் செல்வதே ஜாம் இசைக்குழுக்களின் தனித்தன்மை. ஆகவே ஒரு தனிக் கலைஞரின் விரல் வேகத்தை அளக்கும் அளவுகோல் இங்கே உதவாது. ஒருவர் வாசித்ததை மற்றவர்கள் எப்படிக் காதில் வாங்கி, எப்படி விடையளித்தார்கள் என்பதையே விமர்சகர் எழுத வேண்டும்.

பயிற்சிக்கு ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நிகழ்த்திய கச்சேரியை நான் பரிந்துரைக்கிறேன். அதில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாடலிலிருந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாடலுக்கு இடைவெளியின்றிக் கடந்து செல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 25 நிமிடங்களுக்கு மேல் நீள்கின்றன.

முதற்படியாக, எதையும் குறிக்காமல் முழுவதையும் ஒருமுறை கேளுங்கள்.

இரண்டாம் முறை ஹெட்ஃபோன் அணிந்து, ஜெர்ரி கார்சியாவின் கிட்டாரை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, ஃபில் லெஷின் பேஸை (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டாரை) மட்டும் பின்தொடருங்கள். பெரும்பாலான தொடக்கநிலை விமர்சனங்கள் முதன்மைக் கிட்டாரை மட்டுமே கேட்டு எழுதப்படுவதால் தவறிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து. லெஷ் கார்டின் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டின்) அடிப்படை ஸ்வரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றவர் அல்லர். கிட்டாருக்கு எதிர்மெட்டு, அதாவது அதனுடன் சேர்ந்து ஓடும் தனி மெட்டு, அமைத்தவர். இரண்டு டிரம்மர்களும் அந்த எதிர்மெட்டைத் தாங்குகிறார்களா, அதிலிருந்து விலகுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாம் படிதான் முக்கியமானது: இசை திசை திரும்பும் கணங்களை நிமிடம், நொடியுடன் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் தொடங்கினார், யார் முதலில் பின்தொடர்ந்தார், மற்றவர்கள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பி, ஏ என்ற இரண்டே கார்டுகளில் அமைந்தது. முந்தைய பாடலின் இறுதி ஜாமும் பி சுருதியையே ஆதாரமாகக் கொண்டது. அதனால் கடக்கும் இடத்தைக் கார்டு மாற்றத்தில் தேடிப் பயனில்லை. பேஸ் நடையிலும் தாளத்தின் அழுத்தத்திலும்தான் அது நிகழ்கிறது.

அடுத்து, இலக்கற்ற அலைச்சலையும் பொறுமையான காத்திருப்பையும் பிரித்தறிய வேண்டும். ஒரு சிறு இசைத்தொடர் திரும்பத் திரும்ப வரும்போது ஒலியளவோ, தாள அடர்த்தியோ, மற்றவரின் பதிலோ சிறிதேனும் மாறினால் அது வளர்ச்சி. எதுவும் மாறாமல் ஒவ்வொருவரும் தத்தம் பழகிய விரலோட்டத்திலேயே சுழன்றால், பெயர்பெற்ற குழுவாயினும் அதைக் குறையென்றே எழுதுங்கள்.

பதிவின் தன்மையையும் தவறாமல் குறிப்பிடுங்கள். ஒலிக்கலவைப் பலகையிலிருந்து எடுத்த பதிவில் கருவிகள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். பார்வையாளர் பகுதியிலிருந்து எடுத்த பதிவில் அரங்கின் எதிரொலி பேஸை விழுங்கிவிடக்கூடும். பேஸ் வாசித்தவரைக் குறைகூறும் முன் இதைச் சரிபார்ப்பது நியாயம்.

இறுதியாக, அதே பாடலின் வேறோர் இரவுப் பதிவைக் கேட்டு, உங்கள் நேரக் குறிப்புகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு இரவுகளிலும் அதே இடத்தில், அதே வகையில் வரும் திருப்பம் குழு ஏற்கெனவே பழகி வைத்த ஏற்பாடாக இருக்கலாம். ஒன்றில் மட்டும் வருவதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.