பறக்கும் பறவைக்கு எந்த கேமரா?

முதலில் லென்ஸ், பிறகுதான் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா. பறவைக்கு 500, 600 மி.மீ. எட்டும் ஜூம் வேண்டும். அது எந்த மவுன்ட்டில் (லென்ஸைப் பாடியோடு இணைக்கும் வளையம்) உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கிறதோ, அதுதான் உங்கள் சிஸ்டம். சோனி 200-600, நிகான் 180-600 இரண்டும் ஜூம் செய்யும்போது நீளாது, ஆனால் ஏறத்தாழ 2 கிலோ. கேனான் ஆர்எஃப் 100-500 சுமார் 1.4 கிலோதான். காலை முழுக்கக் கையில் பிடித்தே சுற்றுபவருக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும். சோனி பாடியில் சிக்மா, டாம்ரான் போன்ற வேறு கம்பெனி லென்ஸ் மாட்டினால் வேகம் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும்.

பாடியில், நொடிக்கு எத்தனை படம் என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சென்சார் ஒரு ஃப்ரேமை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்கும் நேரம்தான் முக்கியம். நிகான் இசட்8-இன் ஸ்டாக்டு சென்சாரில் (வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார்) அது சுமார் 4 மில்லிசெகண்டு. சாதாரண சென்சாரில் 30-ஐத் தாண்டுவதும் உண்டு. அதற்குள் மீன்கொத்தி இறக்கையை இறக்கிவிடும், எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை அசையாமல் சென்சாரே படம் பிடிக்கும் முறை) இறகு அரிவாள் போல வளைந்து பதியும். ஷட்டர் ஸ்பீடை ஏற்றினாலும் இது போகாது. அந்த பாடியில் மெக்கானிக்கல் ஷட்டர்தான் வழி.

கடைக்கு உங்கள் மெமரி கார்டையே கொண்டுபோங்கள். ஷட்டர் ஸ்பீடு 1/2500, ஆட்டோ ஐஎஸ்ஓ, ரா (சென்சார் தரும் மூலக் கோப்பு) வைத்து பட்டனை அழுத்திப் பிடியுங்கள். மூன்று நொடிக்குள் திணறினால் பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்களைத் தாங்கும் நினைவகம்) போதாது. பிறகு வாசலில் நின்று, பறக்கும் காக்கையைத் தொடருங்கள். அது மரத்தைக் கடக்கும்போது ஃபோகஸ் கிளைக்குத் தாவினால், மெனுவில் டிராக்கிங் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் தாவினால் அந்த பாடி வேண்டாம்.